பள்ளியில் கதை பிறக்கட்டும்!

(நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய உரை)



தமிழ் வாழ்க என்னும் முழக்கம் கேளாத தெரு புதுவையில் இல்லை. பெயர்ப்பலகையில் தமிழ், வழிபாட்டில் தமிழ், ஆட்சியில் தமிழ் என்று எழுந்த குரல்கள் பல. அவை அனைத்தும் வேண்டியவையே. ஆயினும், அம் முழக்கங்களுக்கெல்லாம் அடிப்படையாக எளிய ஆய்வு ஒன்று இருக்கின்றது. ஆறாம் வகுப்பில் பயிலும் ஒரு பிள்ளையை அருகழைத்து, அது முன்பு பார்த்திராத நான்கு பக்கக் கதையொன்றைக் கையிற் கொடுத்து, “இதனைப் படித்துவிட்டு உன் சொற்களில் சொல்” என்று கேட்க வேண்டும். சொல்லி முடித்ததும், “இனி நீயாக ஒரு கதை எழுது; அரைப்பக்கம் போதும்” என்று தாளை நீட்ட வேண்டும். அப்பிள்ளை தடையின்றிப் படித்துத் தயக்கமின்றி எழுதுமாயின், தமிழுக்கு இன்னும் ஒரு தலைமுறைக்கு அச்சமில்லை. படிக்கத் திணறி, எழுத அஞ்சித் தாளையே வெறித்துப் பார்க்குமாயின், எத்தனை பெயர்ப்பலகைகள் தமிழாக மாறினும் அவற்றைப் படித்து மகிழ ஆள் இரா.

நடுநிலைப் பள்ளியில், அஃதாவது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில், படித்தலையும் சிறுகதை எழுதுதலையும் எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். சிறு பொருள்போல் தோன்றும். ஆனால் மொழியின் வேர் இங்கேதான் நிலத்தைப் பற்றுகின்றது.

கதை பிறந்த ஊர்

புதுவைக்கு இப்பொருளில் ஒரு தனியுரிமை உண்டு. ஆங்கிலேயர் பிடிக்குத் தப்பி 1910-ஆம் ஆண்டு இவ்வூர் வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயர், ஏறத்தாழப் பத்தாண்டுகள் இங்கு வாழ்ந்தார். அக்காலத்தில், 1915-இல், அவர் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ என்பதே தமிழின் முதற் சிறுகதை எனப் பலராலும் குறிக்கப் பெறுகின்றது. 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த பாரதியாரும் இங்கிருந்தபடியே கதைகள் எழுதினார். அவற்றுள் ஒன்றான ‘ஆறில் ஒரு பங்கு’ ஆங்கில அரசின் தடைக்கு ஆளாயிற்று. ஒரு சிறுகதைக்கு ஒரு பேரரசு அஞ்சியது என்றால், கதைக்குள்ள ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டா.

இவ்வூரிற் பிறந்த பாவேந்தர் பாரதிதாசனார் யார்? பள்ளியாசிரியர்! 1909 முதல் 1946 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், பிரெஞ்சு ஆட்சிப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவர். கரும்பலகையின் முன் நின்ற கைதான் புரட்சிப் பாக்களையும் எழுதியது. அவரிடம் பயின்ற வாணிதாசனாரும் பள்ளியாசிரியராகவே வாழ்ந்து பாவலராக விளங்கினார். புதுவையில் ஆசிரியப் பணியாற்றிய ம. இலெ. தங்கப்பா, தம் ‘சோளக்கொல்லைப் பொம்மை’ என்னும் சிறுவர் பாடல் நூலுக்காக 2011-இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கியப் பரிசைப் பெற்றார். கரிசல் மண்ணிலிருந்து வந்து புதுவையில் நிலைத்த கி. இராசநாராயணன், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுப்பதில் தம் முதுமையையே செலவிட்டு, 2021-இல் இவ்வூரிலேயே மறைந்தார்.

ஆக, கதையும் வகுப்பறையும் இவ்வூரில் ஒன்றையொன்று அறிந்தவை. அவ்வுறவு அறுந்துபோகாமற் காப்பது இற்றை ஆசிரியர் கடமை.

இற்றை நிலை

புதுவைக்கெனத் தனிப் பாடத்திட்டம் இருந்ததில்லை. புதுவையும் காரைக்காலும் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றின. அண்மைக் காலத்தில் அரசுப் பள்ளிகள், முதலில் தொடக்க வகுப்புகளிலும், 2023-24 கல்வியாண்டு தொட்டு மேல்வகுப்புகளிலும், நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறின. அம்மாற்றத்தின் நன்மை தீமைகள் தனியே ஆராயத் தக்கவை. ஈண்டு எண்ண வேண்டியது ஒன்றே: அறிவியலையும் கணக்கையும் குமுகவியலையும் ஆங்கிலத்திற் கற்கும் பிள்ளைக்கு, தமிழிற் படிக்கவும் தமிழிற் சிந்திக்கவும் பள்ளியிற் கிடைப்பது தமிழ்ப் பாடவேளை ஒன்றுதான். அந்த நாற்பது மணித்துளியும் வீணானால், அன்றைய நாளிற் பள்ளியளவில் தமிழ் இல்லை என்பதே பொருள்.

அந்நாற்பது மணித்துளி பெரும்பாலும் எவ்வாறு கழிகின்றது? ஆசிரியர் பாடத்தை ஒருமுறை படிக்கின்றார். அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்கின்றார். வினாக்களுக்குரிய விடைகளைக் கரும்பலகையில் எழுதுகின்றார். பிள்ளைகள் அவற்றைப் படியெடுக்கின்றனர், வீட்டில் நெட்டுருச் செய்கின்றனர், தேர்வில் கொட்டுகின்றனர். இம்முறையில் ஒரு பிள்ளை முழு மதிப்பெண்ணும் பெறலாம். ஆனால் ஒரு பக்கத்தையும் தானாகப் படித்திராது. ஒரு சொற்றொடரையும் தானாக எழுதியிராது. பிறர் மென்று கொடுத்ததை விழுங்கிய பிள்ளைக்குப் பல்லும் வலுக்காது, சுவையும் தெரியாது.

குறை ஆசிரியரிடம் மட்டும் இல்லை. முடிக்க வேண்டிய பாடங்கள், திருத்த வேண்டிய தாள்கள், பள்ளிக்கு வெளியே சுமத்தப்படும் பணிகள் எனச் சுமை பெரிது. எனவே, புதுச்சுமை ஏற்றாது, உள்ள பாடவேளையையே மாற்றிப் பயன்படுத்தும் வழியைக் காண்பதே அறிவுடைமை.

படித்தல் என்பது யாது?

எழுத்தைக் கூட்டி ஓசையெழுப்புதல் படித்தலின் வாயில் மட்டுமே. வீடு உள்ளே இருக்கின்றது. எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டு வரும் பிள்ளையின் அறிவு முழுதும் அவ்வுழைப்பிலேயே கரைந்து விடுகின்றது. தொடரின் இறுதிக்கு வரும்போது தொடக்கம் மறந்து போகின்றது. அப்பிள்ளையைப் பார்த்து, “இக்கதையின் கருத்து யாது?” என்று கேட்பது, கிணற்றில் நீர் இறைத்துக் களைத்தவனைப் பார்த்து நீரின் சுவையைக் கேட்பது போன்றது.

தமிழுக்கே உரிய தடைகள் இரண்டு உண்டு; அவற்றை ஆசிரியர் அறிதல் வேண்டும். முதலாவது, சொற்களின் நீளம். பிற மொழிகள் பல சொற்களாற் சொல்வதைத் தமிழ் ஒரே சொல்லாக ஒட்டிச் சொல்லும். ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்னும் ஒரு சொல், தளர்ந்த படிப்பாளிக்கு ஒரு மலை. ‘வந்து - கொண்டு - இருந்தவர்கள் - இடம் - இருந்து’ என்று அதனைப் பிரித்துக் காட்டினால் மலை படிக்கட்டாகி விடும். நாள்தோறும் இத்தகைய மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளையே பிரிக்கச் செய்தால், சில திங்களில் கண் தானே பிரித்துப் படிக்கப் பழகும். புணர்ச்சி இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. படித்தலுக்கு உதவும் கைக்கருவி என்பதும் அப்போது விளங்கும்.

இரண்டாவது தடை, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு. வீட்டில் ‘போயிட்டு வந்துடுறேன்’ என்னும் பிள்ளை, நூலில் ‘போய்விட்டு வந்துவிடுகிறேன்’ என்று காண்கின்றது. இரண்டும் ஒரே தமிழ்தான் என்பதை அதற்கு எவரும் சொல்வதில்லை. இப்பிளவை இணைக்கும் பாலம் கதையே. கதையில் மாந்தர் பேசும் இடம் வீட்டுத் தமிழுக்கு அருகில் இருக்கும். எடுத்துரைக்கும் இடம் நூல் தமிழில் இருக்கும். ஒரு கரையில் ஏறிய பிள்ளை, தன்னை அறியாமலே மறு கரை சேரும்.

ஆதலால், படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் முதலிற் செய்ய வேண்டியது, கதையைத் தாம் உரக்கப் படித்துக் காட்டுவது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் குரலை ஏற்றி, ழகர ளகர லகரங்களைத் தெளிவாக ஒலித்துப் பத்து மணித்துளி படித்தால் போதும். முடிவுக்குச் சற்று முன்னே நிறுத்தி, “இனி என்ன நடக்கும்?” என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு முடிவு சொல்வர். அதன்பின் அவர்களே மௌனமாகப் படித்து உண்மை முடிவைக் காண்பர். அறியும் அவா தூண்டப்பெற்ற கண், திணறலையும் மறந்து ஓடும்.

கேட்கும் வினாக்களும் மாற வேண்டும். “அரசனின் பெயர் என்ன?” என்னும் வினாவுக்குப் பிள்ளை நூலைப் பார்த்து விடை எழுதும். “அவன் ஏன் அப்போது விடை சொல்லாமல் நின்றான்?” என்னும் வினாவுக்குத் தன் உள்ளத்தைப் பார்த்து விடை எழுதும். பத்து வினாக்களில் மூன்றேனும் இரண்டாம் வகையாக இருத்தல் வேண்டும்.

நன்னூல் காட்டும் வழி

இவையெல்லாம் மேலை நாட்டிலிருந்து கடன் வாங்க வேண்டிய கல்விமுறை என்று எவரும் எண்ண வேண்டா. பவணந்தியாரின் நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன், ஆசிரியர் எத்தகையர், மாணவர் எத்தகையர், பாடம் சொல்வது எவ்வாறு, கேட்பது எவ்வாறு என்று பொதுப்பாயிரத்தில் விரித்துரைக்கின்றது. ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை குறையும். மும்முறை கேட்டால் பிறர்க்கு முறையாக எடுத்துரைக்க இயலும் என்பது அந்நூலின் கருத்து. ஒரே கதையைப் பலமுறை படிக்கச் செய்தல் இற்றைக் கல்வியாளர் போற்றும் முறை. அது நன்னூலுக்குப் புதிதன்று.

அதனினும் வியத்தகு செய்தி ஒன்று அங்கே உண்டு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக மனத்திற் கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கு அறிவுதான். உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும் என்று நன்னூல் கணக்கிட்டுச் சொல்கின்றது. இற்றை வகுப்பறை அந்தக் காற்பங்கோடு நின்றுவிடுகின்றது. கதை எழுதச் சொல்லி, எழுதியதைத் தோழரோடு கலந்து பேசச் செய்து, பின்னர் வகுப்பின்முன் படிக்கச் செய்தால் மட்டுமே எஞ்சிய முக்காற்பங்கும் பிள்ளையின் கைக்கு வரும்.

முதலும் கருவும் உரியும்

“கதை எழுதுக” என்று சொன்னவுடன் பிள்ளைகள் ‘ஒரு ஊரில் ஒரு அரசன் இருந்தான்’ என்றே தொடங்குவர். அவர்கள் எந்த அரசனையும் கண்டதில்லை. காணாத ஒன்றை எழுத முயல்வதால் அரைப்பக்கத்தில் சொல் தீர்ந்து போகின்றது. கண்டதை எழுதச் செய்வது எப்படி?

தொல்காப்பியம் அதற்கோர் அமைப்பையே வைத்திருக்கின்றது. முதற்பொருள் - நிலமும் பொழுதும். கருப்பொருள் - அந்நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில். உரிப்பொருள் - மாந்தர் உள்ளத்து நிகழும் ஒழுக்கம். பாட்டுக்கு வகுத்த இவ்வமைப்பு, பன்னிரண்டு அகவைப் பிள்ளையின் கதைக்கும் அச்சாகப் பொருந்தும். தாளை மூன்றாகக் கோடிட்டு, ‘எங்கே, எப்போது?’, ‘அங்கே என்னென்ன?’, ‘யார் உள்ளத்தில் என்ன?’ என்று மூன்று தலைப்பு இட்டால் போதும்.

வீராம்பட்டினத்துப் பிள்ளைக்கு முதற்பொருள் விடியற்கடல். கருப்பொருள் வலை, படகு, மீன்கூடை. வாடை, கொண்டல், கச்சான் என்று வீசும் திசைக்கேற்பக் காற்றுக்குப் பெயரிடும் குமுகாயத்துப் பிள்ளை அது. பாடநூலில் இல்லாத சொற்கள் அதன் நாவில் இருக்கின்றன. பாகூர்ப் பிள்ளைக்கு ஏரியும் மடையும் நாற்றங்காலும். முதலியார்பேட்டைப் பிள்ளைக்கு மூடிக்கிடக்கும் ஆலையும், அதில் வேலை செய்த பாட்டனின் நினைவும். எவருக்கும் அரசன் வேண்டா.

தொல்காப்பியர் உரைநடையை நான்கு வகையாகப் பகுக்கும்போது, நிகழாததைப் புனைந்து கூறும் பொய்ம்மொழியையும், பொருளோடு கூடிய நகைமொழியையும் சேர்த்தே எண்ணுகின்றார் என்பதையும் மறவற்க. உரைநடையில் ஒரு பகுதியைச் செவிலிக்கு உரியதாகவும் அவர் குறிக்கின்றார். பாட்டி சொன்ன கதைக்கு இலக்கண ஆசான் இடம் கொடுத்திருக்கும்போது, பள்ளி ஆசான் இடம் மறுக்கலாமா? “உன் பாட்டி சொன்ன ஒரு கதையைக் கேட்டு எழுதி வா” என்பதே ஆறாம் வகுப்பின் முதற் கதைப்பயிற்சியாக இருக்கலாம்.

ஏழாம் வகுப்பில் ‘குளத்தங்கரை அரசமரம்’ காட்டிய உத்தியைக் கையாளலாம். சேரன்மாதேவிக் குருகுலத்தில் உண்ணும் இடத்தில் பிள்ளைகளைப் பிரித்து வைத்த பிழையால் ஐயர் 1924-25-இல் பெற்ற கண்டனத்தைத் தமிழுலகம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டா. அவர் கதைநடை வடசொல் மலிந்தது என்பதும் உண்மை. அக்கதையின் துயர முடிவு எவ்வகுப்புக்கு ஏற்கும் என்பதையும் ஆசிரியரே தேர்க. ஆயினும் அதன் உத்தி எவருக்கும் பொது: தன் நிழலில் நடந்தவற்றை ஒரு மரம் சொல்கின்றது. பேசாத பொருளைப் பேச விட்டால் பிள்ளையின் கூச்சம் போய்விடும். 1836-இல் ஏற்றப்பெற்ற பழைய கலங்கரை விளக்கம் பேசட்டும். 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த பழைய இறங்குபாலத்தின் எஞ்சிய இரும்புக் கால் பேசட்டும். பள்ளியின் வேப்பமரம், தெருக்குழாய், பாட்டனின் மிதிவண்டி பேசட்டும். ‘நான் ஒரு மரம்’ என்று தொடங்கும் வழக்கமான கட்டுரையன்று இது. மரம் கண்ட ஒரே ஒரு நிகழ்ச்சி, அதில் ஒருவர் அல்லது இருவர், ஒரு சிக்கல், ஒரு முடிவு. அவ்வளவே சிறுகதை.

பிற நாட்டுச் சான்றுகள்

உருசிய நாட்டுப் பேரெழுத்தாளர் தால்சுதாய், 1859-இல் தம் ஊரில் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். ஒருநாள் ஒரு பழமொழியைத் தந்து கதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் தயங்கினர். அவரே எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து, “அவன் அப்படிச் சொல்ல மாட்டான், இப்படித்தான் சொல்வான்” என்று திருத்தலாயினர். சற்றைக்கெல்லாம் அவர் எழுத்தராகி, பிள்ளைகள் ஆசிரியராயினர். 1862-இல் அவர் எழுதிய கட்டுரை, உழவர் பிள்ளைகள் எழுத்தாளரிடம் கற்பதா, எழுத்தாளர் அப்பிள்ளைகளிடம் கற்பதா என்றே வினவியது. பழமொழிக்குத் தமிழிற் பஞ்சமா? ஒவ்வொரு பழமொழியும் உரித்துப் பார்த்தால் ஒரு சிறுகதை.

பிரெஞ்சு நாட்டில் பிரெனே என்னும் சிற்றூர்ப் பள்ளியாசிரியர், முதல் உலகப் போரில் நுரையீரலில் புண்பட்டவர். வகுப்பில் நெடுநேரம் பேச அவர் மூச்சு இடந்தரவில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, அவர்கள் கண்டதை அவர்களையே எழுதச் செய்தார். 1920-களில் வகுப்பறையிலேயே ஒரு சிறு அச்சுப்பொறியை அமைத்து, பிள்ளைகளின் எழுத்தை அவர்கள் கையாலேயே அச்சிடுவித்தார். அத்தாள்கள் பிற ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்றன. அப்பள்ளிகளின் தாள்கள் இங்கு வந்தன. பிள்ளைகள் எழுதியதே பிள்ளைகள் படிக்கும் பாடமாயிற்று. அதே பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுவையில், அக்காலத்தில்தான் பாவேந்தர் வகுப்பறையில் நின்றுகொண்டிருந்தார் என்பதை எண்ணுக. இற்றைப் பள்ளிக்கு அச்சுப்பொறியும் வேண்டா; தமிழர்க்கு நெடுநாட் பழக்கமான கையெழுத்து இதழே போதும்.

சிவப்பு மையின் பிழை

இனிச் சொல்லப் போவது தனித்தமிழ் அன்பர்களின் நெஞ்சுக்கு நேராகச் சொல்ல வேண்டியது.

எடுத்துக்காட்டாக, கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை ஒன்று இவ்வாறு எழுதுகின்றது எனக் கொள்க: “அப்பா நைட்டு போட்டுல போனாரு. மார்னிங் வரல. அம்மா லைட்ட அணைக்காமலே உட்காந்திருந்துச்சு.”

தமிழ்ப்பற்று மிக்க ஆசிரியர் என்ன செய்வார்? நான்கு ஆங்கிலச் சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிடுவார். ஓரத்தில் ‘தமிழில் எழுதுக’ என்று பொறிப்பார். கொச்சை வழக்குகளின்மேல் கோடு கிழிப்பார். தாள் குருதி படிந்தாற்போல் திரும்பிச் செல்லும். அடுத்த கிழமை அப்பிள்ளை எழுதித் தருவது: “என் தந்தை மிகவும் நல்லவர். அவர் கடமை தவறாதவர். தந்தையைப் போற்றுவோம்.” பிழையே இல்லை, அயற்சொல் ஒன்றும் இல்லை, ஆசிரியர் மகிழ்ந்து முழு மதிப்பெண் இடுவார். ஆனால் கடலுக்குச் சென்ற தந்தை எங்கே? விளக்கை அணைக்காமல் விடியும்வரை அமர்ந்திருந்த தாய் எங்கே? தூய்மை வந்தது, உயிர் போயிற்று. அப்பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டது: தமிழ் என்பது உண்மையைச் சொல்லும் மொழியன்று, பள்ளியில் நல்ல பெயர் வாங்கும் மொழி என்று. உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில் அது வேறு மொழியைத் தேடிப் போகும்.

தனித்தமிழுக்கு இதனினும் பெருங்கேடு செய்ய எந்தப் பகைவராலும் இயலாது.

அவ்வாறாயின் அயற்சொற்களை விட்டுவிடுவதா? இல்லை. முறை மாற வேண்டும். முதற் படிப்பில் எழுதுகோலையே தொடாது, அப்பிள்ளையைப் பார்த்துக் கேட்க வேண்டும்: “அம்மா ஏன் விளக்கை அணைக்கவில்லை?” ஆசிரியர் நாவில் ‘விளக்கு’ இயல்பாக வந்துவிடுகின்றது, பிள்ளையின் காதில் விழுந்துவிடுகின்றது. “அந்த இரவு எவ்வளவு நீளமாக இருந்தது? விடியும்போது கடற்கரையில் யார் யார் இருந்தார்கள்?” இரவும் விடியலும் வந்துவிட்டன. இரண்டாம் முறை எழுதும்போது அப்பிள்ளை எழுதும்: “அப்பா இரவு படகில் போனார். விடிந்தும் வரவில்லை. அம்மா விளக்கை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.” அதே கதை, அதே உயிர், இப்போது தூய தமிழ். எஞ்சிய எழுத்துப்பிழைகளை மூன்றாம் முறை திருத்தலாம். முதலிற் பொருள், அடுத்துத் தொடர், கடைசியில் சொல்லும் எழுத்தும் - இதுவே திருத்தும் வரிசை.

வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியர் நூல் செய்தார் என்று அந்நூலின் பாயிரம் கூறுகின்றது. மக்கள் நாவில் வழங்கும் சொற்களிலும் தமிழின் பழஞ்சொற்கள் புதைந்து கிடக்கின்றன என்பதை மொழிஞாயிறு பாவாணரின் சொல்லாய்வுகள் காட்டின. உழவனின் மடையும் மீனவனின் கொண்டலும் எந்த அகரமுதலிக்கும் தாழ்ந்தவையல்ல. ஆதலின், வீட்டுச் சொல்லையெல்லாம் கொச்சையென்று ஒதுக்குவது தமிழ்த்தொண்டு ஆகாது. அயற்சொல் வேறு, நாட்டுப்புறச் சொல் வேறு. முன்னதை மெல்ல மாற்றுக. பின்னதை வாரி அணைத்துக் கொள்க.

ஒரு கிழமைத் திட்டம்

மாதம் ஒரு கிழமையின் ஐந்து தமிழ்ப் பாடவேளைகளை இப்பணிக்கு ஒதுக்கினால் போதும். முதல் நாள், ஆசிரியர் ஒரு கதையை உரக்கப் படித்து, முடிவின்முன் நிறுத்தி, பிள்ளைகள் மௌனமாகப் படித்து முடித்தல். இரண்டாம் நாள், அதே கதையை இருவர் இருவராக மாறி மாறிப் படித்து, சிக்கல் எங்கே தொடங்குகின்றது, எங்கே அவிழ்கின்றது என்று கண்டறிதல். மூன்றாம் நாள், முதல்-கரு-உரி வரைந்து அரைப்பக்கக் கதை எழுதுதல். நான்காம் நாள், பக்கத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டி, அது கேட்கும் இரண்டு வினாக்களுக்கு விடையாகத் திருத்தி எழுதுதல். ஐந்தாம் நாள், வகுப்பின்முன் சிலர் படித்தல். எல்லாக் கதைகளையும் தைத்துக் கையெழுத்து இதழாக்குதல். அவ்விதழ் அடுத்த வகுப்புக்குப் படிக்கும் நூலாகச் செல்லட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கதையை ஆறாம் வகுப்புப் பிள்ளை படிக்கும்போது, “இவ்வாறு எழுத எனக்கும் ஆகும்” என்னும் துணிவு பிறக்கும். அத்துணிவைத் தர எந்தப் பாடநூலாலும் ஆகாது.

திக்கிப் படிக்கும் பிள்ளையையும் ஒதுக்க வேண்டா. அது வாயாற் சொல்லும் கதையைத் தோழன் ஒருவன் எழுதட்டும். எழுதியதை அதனிடமே படிக்கக் கொடுக்கட்டும். தான் சொன்ன சொற்களே ஆதலால் அது தடையின்றிப் படிக்கும். தன் கதையைத் தானே படித்த பிள்ளை, பிறர் கதையைப் படிக்க நெடுநாள் ஆகாது.

பெற்றோர்களே! உங்கள் பங்கு சிறிது, ஆனால் இன்றியமையாதது. இரவு உணவுக்குப்பின் பத்து மணித்துளி கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை திருத்த வேண்டா, கேட்டால் போதும். எழுத்தறியாத தாயும் இதனைச் செய்யலாம். செவிலிக்கு உரியது என்று தொல்காப்பியர் குறித்த கதையை நீங்களும் சொல்லுங்கள்.

முடிவாக ஒன்று. அடக்குமுறைக்குத் தப்பி வந்தவர்களுக்கு இடந்தந்த ஊர் புதுவை. அவர்கள் கையில் கதை பிறந்த ஊர். ஓர் ஆசிரியரைப் பாவேந்தராக்கிய ஊர். அவ்வூரின் வகுப்பறையில், விளக்கை அணைக்காமல் விடியும்வரை அமர்ந்திருந்த ஒரு தாயின் கதை, ஒரு பிள்ளையின் எழுதுகோல் நுனியில் இன்றும் காத்திருக்கின்றது. அதனைக் கேட்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். சிவப்பு மையைச் சற்று அப்பால் வைத்துவிட்டு, “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று கேட்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். அக்கேள்வி எழும் பள்ளியில் தமிழ் வாழும்.

வாழ்க தமிழ்!